ஃபைட்டர் வளர்த்த அக்கா

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "சரி தம்பி", "பரவாயில்லைங்க சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள், நல்ல மனுஷி, உடனே மறந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவர் டெக்னீஷியன். நான் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பேன், ரிப்போர்ட் டைப் அடிப்பேன். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடித்து நான் வந்து சேரும்போது அக்கா வந்து ஒரு மணி நேரமாகியிருக்கும். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக அல்ல, மீனுக்காக.

பின்னறை ஜன்னல் ஓரம், வெயில் நேராக விழாத மூலையில், இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் ஒரே ஒரு மீன். பெட்டா என்று கடையில் எழுதியிருப்பார்கள், எல்லோருக்கும் அது ஃபைட்டர்தான். உடம்பு சுண்டுவிரல் நீளம். வாலும் துடுப்புகளும் அதைவிடப் பெரிது. கருநீலம், ஓரத்தில் மட்டும் சிவப்பு. அது திரும்பும்போது முழு வாலும் விரிந்து, பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை சுற்றுவதுபோல் இருக்கும். அந்த வாலில் ஒரு கிழிசல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் தினசரி வேலை.

குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைப்பார். குளோரின் போக இரண்டு சொட்டு மருந்து விடுவார். வாரத்துக்கு இரண்டு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுவார், ஒருபோதும் முழுதாக மாற்ற மாட்டார். புதுத் தண்ணீரின் சூடும் பழைய தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். மார்கழியில் ஹீட்டர் போடுவார். வடிகட்டியின் வேகம் வாலை இழுத்துவிடும் என்று அதன் வாயில் ஸ்பாஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்தார். தீனி காலையில் மூன்று உருண்டை, மாலையில் மூன்று உருண்டை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் கிடையாது.

ஒருமுறை நான் ஆசையாக ஒரு பிளாஸ்டிக் செடி வாங்கிக்கொண்டு போனேன். அக்கா தன் நைலக்ஸ் புடவைத் தலைப்பை அதன்மேல் இழுத்துப் பார்த்தார். ஒரு நூல் மாட்டியது.

"என் தலைப்பே மாட்டுது பாப்பா. அதோட வால் மாட்டாதா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுக்கு வாலு எப்படிக் கெடும்னு தெரியுமா?" என்று இன்னொரு நாள் கேட்டார். "பாதி சண்டையால. பாதி அது விட்ட அழுக்கிலேயே அது கிடக்கிறதால. வெளியில பாத்தா தண்ணி தெளிவாத்தான் இருக்கும்."

அவர் நாகப்பட்டினம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். ஜெபத்தில் நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி வரும், அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வாராம். அவரே சொன்னார். "பொய் சொல்லக் கூடாதுல்ல, அதுவும் அங்க நின்னுக்கிட்டு."

கணவர் திருச்சியில் இருந்தார். இருவரும் பேசிப் பதினோரு வருடம். என்ன நடந்தது என்று அக்கா சொன்னதில்லை. கணவர் மறுபடி பேசும் முதல் வார்த்தை மன்னிப்பாக இருக்க வேண்டும் என்று அக்கா காத்திருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அவர் குடியிருந்த தெருவில் ஒரு நாட்டு வாதாமரம் இருந்தது. அதன் சருகுகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துத் தொட்டியில் போடுவார். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். துடுப்பில் புண் வராது என்பார். இலை மொட்டைமாடியில் கொட்டுகிறது என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் அடிமரத்தில் எதையோ ஊற்றிவிட்டார். மரம் மூன்று மாதத்தில் பட்டுப்போனது. அக்கா அவரைப் பார்த்து, "பரவாயில்லைங்க சார்" என்றார். இரண்டு வருடம் கழித்து எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மாடி எடுத்தார். சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, பெயின்டும் அடித்த பிறகு, அவருடைய சன்ஷேடு சந்துக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருப்பதாக நகராட்சிக்கு மனு போனது. ஆட்கள் வந்து இடித்தார்கள். அக்கா அன்று லீவு போட்டு வீட்டிலிருந்தார். நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு உட்கார்ந்து, கடைசிக் கல் விழும்வரை பார்த்தாராம்.

இதை அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவருக்கு எதிரில் நான் எப்போதும் நிற்கப் போவதில்லை என்ற தைரியம்.

எங்கள் முதலாளி வெளிநாட்டில் இருந்தார். அவருடைய மச்சான்தான் மேனேஜர். முப்பது வயது இருக்கும். கெட்டவன் என்று சொல்ல முடியாது, எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவன். ஒரு பங்குனி மாதம், அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவன் பாலித்தீன் பையில் இன்னொரு ஆண் ஃபைட்டரை வாங்கிக்கொண்டு வந்தான். செல்போனைச் சாய்த்துவைத்து வீடியோ எடுக்க விட்டுவிட்டுப் பையைத் தொட்டியில் கவிழ்த்தான். நான் வரவேற்பில் இருந்தேன். பின்னறையில் இரண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்ன விஷயம் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அக்கா வந்தபோது பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அவருடைய மீனின் வால் விசிறிமட்டையில் ஓலை உதிர்ந்து ஈர்க்கு மட்டும் நிற்பதுபோல் இருந்தது. தண்ணீரில் நீலத் துணுக்குகள் மிதந்தன. அக்கா வலையைப் போட்டுப் புதிய மீனை எடுத்து ஒரு ஜாடியில் விட்டார். பிறகு திரும்பினார்.

"யாரு போட்டது?"

"சும்மா விளையாட்டுக்குத்தான்க்கா," என்றான் மேனேஜர். "ஃபைட்டர்னா சண்டை போடத்தானே செய்யும்? வேணும்னா வேற ஒண்ணு வாங்கித் தரேன்."

"சரி தம்பி," என்றார் அக்கா.

இரண்டு மீன்களுக்கும் அவர் வைத்தியம் பார்த்தார். "வந்ததும் பாவந்தான். அதை யாரும் கேட்டுட்டா கொண்டுவந்தாங்க?" என்றார். தினமும் தண்ணீர் மாற்றினார். முதல் பத்து நாள் கல்லுப்பை அளந்து கரைத்து விட்டார். கூட்டம் குறைந்ததும் பின்னறைக்குப் போய், விரல் நகம் படாமல் தொட்டியின் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்பார். இரண்டாவது வாரம் ஈர்க்குகளுக்கு நடுவில் கண்ணாடித்தாள்போல் நிறமே இல்லாமல் ஒரு தோல் கிளம்பியது. "அழுகல் இல்ல. புதுசு," என்றார். பிறகு அதில் நீலம் இறங்கியது. கடைசியில் ஓரத்துச் சிவப்பு. நாற்பது நாள் ஆயிற்று. புதிய மீனும் தேறியது, அதைத் தன் தெருவில் ஒரு டீச்சர் வீட்டுக்கு அந்த ஜாடியோடு கொடுத்துவிட்டார்.

நாற்பத்தொன்றாவது நாள் மதியம், அக்கா தன் அலமாரியைத் திறந்து ஒரு பெரிய கவரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே மெஷின் அச்சடித்துத் தள்ளும் சின்னச் சின்னச் சீட்டுகள்.

எங்கள் நிலையத்தில் ஒரு அசிங்கம் நடந்துகொண்டிருந்தது. சில நாட்களில் சோதனைக்கு ஊற்றும் மருந்து தீர்ந்திருக்கும். அந்த மருந்தை ரீஏஜென்ட் என்போம். மேனேஜர் புதிதாக வாங்கித் தர மாட்டான். வந்த ரத்தத்தை வாஷ்பேசினில் கொட்டச் சொல்லிவிட்டு, பார்த்தால் சந்தேகம் வராத ஒரு எண்ணை அவனே எழுதிக் கொடுப்பான். ரிப்போர்ட் போய்விடும். ஏதோ ஒன்றிரண்டு நாள் நடந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எந்தெந்த நாள், எந்தெந்தச் சோதனை என்று எனக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும். மருந்து இல்லை, சோதனை நடக்கவில்லை என்று அது ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு அடித்திருக்கிறது. அந்தச் சீட்டுகளை அக்கா ஒரு வருடத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருந்தார்.

"தேதிப்படி அடுக்கு பாப்பா. அந்தந்த நாள் போன ரிப்போர்ட்டு நகலை கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்து அதோட சேரு. எந்த டாக்டர் அனுப்பின ஆளோ, அந்த டாக்டருக்கு ஒரு கவர். அவங்கவங்க நோயாளி அவங்கவங்களுக்கு."

"மேனேஜருக்கு ஆப்பா அக்கா?" என்றேன். எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

மூன்று மதியங்கள் அடுக்கினேன். மூன்றாம் நாள், போன வருடம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் தேதி போட்ட சீட்டு கையில் வந்தது.

அந்த நாளை நான் மறக்க வழியில்லை. அப்பா அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடச் சொன்னார். காவிரிக்குப் போய்வந்த மறுநாள் அவரை நானே நிலையத்துக்கு அழைத்து வந்தேன். அக்காதான் ரத்தம் எடுத்தார். மாலையில் எப்போதும்போல் மேனேஜர் எண்கள் எழுதிய தாளைக் கொடுத்தான், நானே டைப் அடித்தேன். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் ஒன்று. நார்மல். அப்பா நிம்மதியாக மாத்திரையைத் தொடர்ந்தார். தை மாதம் அவர் கால் இரண்டும் வீங்கின. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் பார்த்த டாக்டர், "ஆறு மாசம் முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா, அந்த மாத்திரையை நிறுத்தியிருந்தாலே இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். மாசியிலிருந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

கையிலிருந்த சீட்டில் கிரியாட்டினின் என்ற வரிக்கு நேரே எண் இல்லை. மருந்து இல்லை என்று இருந்தது.

பின்னறைக்குப் போனேன். அக்கா மெல்லிய குழாயால் தொட்டியின் அடியிலிருந்த அழுக்கை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது ஆடிப்பெருக்குக்கு மறுநாள் சீட்டு."

"ஆமா."

"அன்னைக்குத்தான் எங்கப்பாவுக்கு ரத்தம் எடுத்தீங்க."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்," என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே. சீட்டை எடுக்கும்போது பார்த்தேன். நீ ரிப்போர்ட்டை வாங்கிக்கிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிட்டிருந்தே."

மாசி மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஆரஞ்சு வேண்டாம், பொட்டாசியம் ஏறும் என்று ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. வெளியில சொல்ல வேண்டாம். என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அக்கா குழாயை எடுத்து வாளியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஏதாவது ஒரு பொய்யை அவர் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு எனக்கு அவன் மேல கோபம் இல்ல பாப்பா," என்றார்.

வெளியே டோக்கன் கேட்டு யாரோ மணி அடித்தார்கள்.

"சரிக்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. அக்கா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மீதிச் சீட்டுகளையும் நானே அடுக்கினேன். கவர்களில் டாக்டர்களின் பெயரை நானே எழுதினேன். அக்கா ஒவ்வொன்றையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு வாரத்தில் காலைக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மாதம் முடிவதற்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து கதவைப் பூட்டினார்கள்.

மேனேஜர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"ஒரு மீனுக்காகவா அக்கா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது.

"பாரு தம்பி," என்று அக்கா தொட்டியைக் காட்டினார். நிலையத்தைப் பூட்டும் முன்பே அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். "நாப்பது நாள்ல வளர்ந்துடுச்சு. உனக்கு எத்தனை நாள் ஆகுதுன்னு பார்ப்போம்."

அவன் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு அவன் திருவாரூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டோம். அக்கா பஸ் ஏறித் திருவாரூர் போய் வந்தார். அந்த வேலையும் போயிற்று. அவர் திரும்பி வந்த மறுநாள் நான் பார்த்தபோது முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. துணி துவைத்து முடித்தவர்போல் இருந்தார்.

ஊரில் அக்காவுக்கு நல்ல பெயர். தைரியமாக உண்மையைச் சொன்ன பெண் என்றார்கள். ஒரு டாக்டர் தன் ஆஸ்பத்திரி லேபுக்கு அவரைத் தலைமையாகக் கூப்பிட்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். தன்னைக் கேட்காமலே தன் முத்திரையை ரிப்போர்ட்டுகளில் போட்டுவிட்டதாகவும், கண்டுபிடித்ததும் தான் வெளியே சொன்னதாகவும் அக்கா எழுதிக் கொடுத்திருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "டெக்னீஷியனுக்கு எப்பலேர்ந்து தெரியும்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் ஒன்றரை மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "முதல் நாள்லேர்ந்து தெரியும் சார்," என்றேன். "ஒவ்வொரு சீட்டையும் அன்னன்னைக்கே எடுத்து வெச்சிருந்தாங்க. ஒரு வருஷத்துக்கு மேல. எங்கப்பா சீட்டும் அதுல இருந்துச்சு." சீட்டின் நகலையும் என் கையால் டைப் அடித்த ரிப்போர்ட்டையும் மேஜைமேல் வைத்தேன். இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

ஆஸ்பத்திரி வேலை இல்லை என்றாயிற்று. அதன்பின் கும்பகோணத்தில் எந்த லேபும் அவரைச் சேர்க்காது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அக்கா எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். மடியில் தொட்டி, பாதித் தண்ணீரோடு. நான் படியிலிருந்து இறங்கவில்லை. அம்மா ஒன்றும் தெரியாமல் "வாங்க வாங்க" என்றார். அக்கா கூடத்து மேஜையில் தொட்டியை இறக்கி, ஹீட்டர், ஸ்பாஞ்சு, மருந்துப் புட்டி, காயவைத்துச் சேர்த்திருந்த ஒரு பை வாதா இலை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். உள்ளே போய் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"நீ சொன்னது எல்லாம் சரி," என்றார். "ஒரு எழுத்து தப்பில்ல. இப்ப எனக்கு உன்மேல கோபம் வரல."

நான் துவைகல் பக்கம் கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

"ஆனா என் குணம் எனக்குத் தெரியும். வரும். இன்னும் ஒரு மாசமோ, ஒரு வருஷமோ. வந்தா நான் விடமாட்டேன் பாப்பா, நீன்னு பார்க்க மாட்டேன். அதனால நான் ஊரை விட்டுப் போறேன். எங்கன்னு கேக்காதே. உன் நம்பரை அழிச்சிட்டேன். நீ எங்க வேலைக்குப் போனாலும், யாரைக் கட்டிக்கிட்டாலும் என் காதுக்கு வரக் கூடாது. பார்த்துக்க."

"மீன் எதுக்குக்கா?"

"என் மீன் இருக்கிற வீட்டுக்கு நான் எதுவும் செய்ய மாட்டேன். அது உசுரோட இருக்கிறவரைக்கும் எனக்கே ஒரு கட்டு இருக்கட்டும்." தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "அது செத்துப்போனா எனக்குச் சொல்லி அனுப்பாதே," என்றார்.

அப்பாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. ஆட்டோ திரும்பிப் போனது.

மூன்று நாள் நான் அந்தத் தொட்டிப் பக்கம் போகவில்லை. தீனி போடவில்லை, ஹீட்டரைச் செருகவில்லை. நான்காம் நாள் மீன் அடியில் கிடந்தது. வாலைச் சுருட்டி உடம்போடு ஒட்டிவைத்திருந்தது. ஓரத்துச் சிவப்பு கறுத்துப்போய் ஒரு இடத்தில் பிசிறியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் இரண்டு நாள் போதும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா கட்டிலில் இருந்தபடி, "அதுக்குத் தண்ணி மாத்தலையாம்மா?" என்று கேட்டார்.

"மாத்தணும்பா."

"எனக்கு வாரம் ரெண்டு தடவை மாத்துறாங்க. அதுக்கும் மாத்தணும்ல."

அவருக்கு அந்தச் சீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. எழுந்து போய் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். மறுநாள் கால் பங்கு மாற்றினேன். பிறகு கல்லுப்பு, இலை. நிறமில்லாத தோல் மறுபடி கிளம்ப மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப்பின் நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பாசத்தால் என்று சொல்ல மாட்டேன். பாதி பயம்தான். மீன் மேலும் இரண்டு வருடம் இருந்தது, முழு வாலோடு வயதாகிச் செத்தது. அதற்கு முன்பே அப்பா போய்விட்டார். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போயிருந்தேன். மதியம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எதிர் நடைமேடையில் அக்காவைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் ஒரு கூடை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். என் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் என் கணவர் பையோடு நின்றிருந்தார். அக்காவின் பார்வை குழந்தைவரைக்கும் வந்து, என் கணவர்வரைக்கும் போகாமல் நின்றது. உடனே திரும்பி, அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்த ஒரு பஸ்ஸை நோக்கி வேகமாக நடந்தார். அவர் காத்திருந்த பஸ் அதுவல்ல. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டது இங்கேவரை கேட்டது. பதில் சொல்லாமல் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரம் எனக்கு முதுகு தெரிய உட்கார்ந்துகொண்டார்.

பஸ் வளைந்து வெளியே போனபோது நான் அதன் போர்டைப் பார்க்கவில்லை.